இரட்டைக் கோடு

எழும்பூர் ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி.
டாக்டரம்மா வெள்ளைத்தாளில்
என் குடும்பத்தை வரைகிறாள்.
ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம்.
எங்கள் சனம் மொத்தமும்
பாண்டி ஆடப் போட்ட கட்டம் போல்
தாளில் கிடக்கிறது.

கல்யாணத்துக்கு ஒரு கோடு போடுவார்களாம்.
எங்களுக்கு இரண்டு போட்டாள்,
ஸ்கேல் வைத்து, நிதானமாக.

"சொந்தத்துலதானே?"
"மாமா."
"மாமா பையனா?"
"இல்ல. மாமாவேதான்."
பேனா ஒரு நொடி நின்றது.
பிறகு கோடு மேலே ஏறி
என் அம்மாவின் வட்டத்தைத் தொட்டு இறங்கி
திரும்ப என்னிடமே வந்தது.

அம்மாதான் எனக்கு நாத்தனார்.
மூன்றாவது முடிச்சை அவள்தான் போட்டாள்.
பந்தலில் எல்லோரும் சிரித்தோம்.
இரண்டு வீட்டுக்கும் குலதெய்வம் வேறு,
முறை சுத்தம் என்றார் ஜோசியர்.
பத்துக்கு எட்டு.
அயனாவரத்து ஒன்றரை கிரவுண்டு
வெளியே போகவில்லை.
அதோடு இன்னும் எதெல்லாம்
வெளியே போகவில்லை என்று
இந்தத் தாள் சொல்கிறது.

"உங்க ரெண்டு பேர்கிட்டயும்
ஒரே எழுத்துப்பிழை" என்றாள்.
"ஒரு பிரதியில மட்டும் இருந்தா
இன்னொண்ணப் பார்த்து உடம்பு படிச்சிக்கும்.
பாப்பாவுக்கு ரெண்டுலயுமே பிழை."
வயிற்றில் மூன்று மாதம்.
இதற்கு?
நாலில் ஒன்று.
மூன்று பிள்ளை தப்பி நாலாவது மாட்டுவதல்ல,
ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து
நாலில் ஒன்று.

வெளியே பெஞ்சில் கமருன்னிசா,
பெரியத்தா மகனைக் கட்டியவள்.
"தாய்மாமனையா?" என்று நெஞ்சில் கைவைத்தாள்.
"எங்கள்ல ஆகாதும்மா. குர்ஆன்லயே தடுத்திருக்கு."
"பெரியப்பா மகனா?
எங்க வீட்ல அது அண்ணன்.
நினைச்சாலே உடம்பு கூசுது" என்றேன் நான்.
இருவரும் ஒருவரை ஒருவர்
கொஞ்ச நேரம் அருவருப்போடு பார்த்தோம்.
காசிமேட்டு ஜெசிந்தா நடுவில் உட்கார்ந்து
முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தாள்.
அவளுக்கு அத்தை மகன்.
"பிஷப் ஹவுஸ்ல விலக்கு வாங்கணும்.
கையெழுத்து வரதுக்கே ரெண்டு மாசம்.
வந்ததும் கேக் வெட்டினோம்."

எதிரே எங்கள் பிள்ளைகள் மூன்றும்
மூன்று காதிலும் ஒரே பழுப்பு மெஷினோடு
கைஜாடையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.
யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை.
நர்ஸ் வந்து அதட்டும்வரை சிரித்தோம்.
கமருன்னிசா முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு
இன்னொரு முறுக்கு எடுத்தாள்.

இசைமதி, நாலு வயது,
ஜன்னல் கம்பியில் உள்ளங்கையை வைத்திருக்கிறாள்.
பீச் வண்டி ஊதிக்கொண்டு போகிறது.
மெஷினைக் கழற்றி என் மடியில் போட்டுவிட்டு
கம்பியின் நடுக்கத்தில்
வண்டியைப் பிடித்துக்கொள்கிறாள்.
யார் வைத்த பெயர் என்று கேட்காதீர்கள்.
அவர்தான். ஆசையாக.

தொட்டில் போட்ட அன்றே என் அண்ணன் சொன்னான்:
"இவ என் பையனுக்குத்தான்."
காது விஷயம் தெரிந்தபிறகு
"இப்பவும் அதே பேச்சுதான்" என்றான் போனில்.
நல்லவன்.
நல்லவனிடம் எப்படி வேண்டாம் என்பது?
படியிறங்கும்போது இரண்டு முறை
சொல்லிப் பார்த்தேன். வாய் வரவில்லை.

ரத்தம் எடுக்கும் அறையில்
சின்னக் குழாயில் ஒட்ட
ஒரு பையன் சீட்டு எழுதுகிறான்.
"வீட்டுக்காரர் பேரு?"
பேச்சு வந்த நாளிலிருந்து மாமா.
பீச்சில் தோளில் உட்காரவைத்து
பட்டாணி சுண்டல் ஊட்டியவரும் மாமா,
முதலிரவில் விளக்கை அணைக்காமல்
வெகுநேரம் சுவரைப் பார்த்திருந்தவரும் மாமா.

"பேருக்கா, பேரு."

தணிகாசலம் என்றேன்.
யாரோ அயலூர்க்காரன் பெயர் போல
வாயில் புதிதாக இருந்தது.
பையன் எழுதினான்.
"தணிகா"வோடு சீட்டு முடிந்துவிட்டது.
மீதியைக் குழாயின் பின்பக்கம்
மடித்து ஒட்டினான்.